மாடு மேயுற மண்ணு: லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னாடி மண்வெட்டிய எடுங்க

மேய்ச்சல வச்சு பால் பண்ணை நடத்துறவங்க கிட்ட மண்ண பத்தி பேச்சு எடுத்தாலே முதல் கேள்வி "என்ன உரம் போடலாம்"ங்கிறதாத்தான் இருக்கு. அடுத்த கேள்வி "எவ்வளவு போடலாம்". கடைசியா எப்ப தோண்டி பாத்தீங்கன்னு திருப்பி கேட்டா பெரும்பாலும் பதில் வராது. அதுக்கு காரணம் அக்கறை இல்லாம இல்ல, பயிர் பண்றவங்களுக்கு உழவு ஓட்டும்போதாவது மண்ணு கண்ணுல படும், எந்த எடத்துல கலப்பை முக்குது எந்த எடத்துல லேசா போகுதுன்னு கைக்கு தெரியும், நிரந்தர மேய்ச்சல் நிலத்துல அந்த வாய்ப்பே கெடையாது, வருஷம் பூரா புல்லு மூடிக்கெடக்கும், மேல பச்சையா இருந்தா கீழயும் நல்லாத்தான் இருக்கும்னு நாமளா நெனச்சுக்குவோம். ஆனா மண்ணு கெட ஆரம்பிக்கிறது கீழதான், மேல புல்லுல தெரியுற நேரத்துக்கு விஷயம் முத்திப்போயிருக்கும்.

மேய்ச்சல் மண்ண மத்த வெவசாய மண்ணு மாதிரி பாக்கவே கூடாதுங்கிறது என் கருத்து. இங்க நிலத்துல மிதிக்கிறதும் மாடுதான், அறுவடை பண்றதும் மாடுதான், உரம் போடுறதும் மாடுதான். அது எப்ப உள்ள போகுது, எவ்வளவு நேரம் நிக்குது, எந்த எடத்துல படுக்குது, எவ்வளவு புல்ல விட்டுட்டு வெளிய வருது, இந்த நாலு விஷயம்தான் மண்ணோட ஆரோக்கியத்துல பாதிக்கு மேல முடிவு பண்ணுது. இந்த நாலுல ஒன்னு கூட லேப் ரிப்போர்ட்டுல வராது. அதனால தான் ரிப்போர்ட்ட பாக்குறதுக்கு முன்னாடி மண்வெட்டிய எடுங்கன்னு சொல்றேன். லேப் வேணாம்னு சொல்லல, அதுக்கும் வரேன்.

சரி, எப்படி தோண்டுறது. நீளம் அகலம் ஆழம் மூணும் 20 செ.மீ இருக்குற மாதிரி ஒரு கட்டி மண்ண புல்லோட சேத்து முழுசா எடுக்கணும், மண்வெட்டியோட அடிச்ச பக்கம் அழுந்திப்போயிருக்கும், அந்த பக்கத்த விட்டுட்டு எதிர்ப்பக்கத்துல இருந்து கையால மெதுவா பிரிச்சு பாருங்க. நல்ல மண்ணு லேசா அழுத்தினாலே பொலபொலன்னு உதிரும், உருண்டை உருண்டையா சின்ன சின்ன மணியா பிரியும், ஒவ்வொரு மணிக்கு உள்ளயும் வேர் ஓடியிருக்கும். கெட்ட மண்ணு தகடு தகடா பிரியும், இல்லன்னா கூர்மையான ஓரம் வச்ச பெரிய கட்டியா ஒடையும், ஒடச்ச முகம் வழவழன்னு இருக்கும், வேர் அந்த கட்டிக்கு உள்ள போகாம வெளியிலயே சுத்திக்கிட்டு விரிசல் வழியா மட்டும் எறங்கியிருக்கும். மேல இருந்து 5 செ.மீ தாண்டி ஒரு எடத்துல வேரெல்லாம் திடீர்னு பக்கவாட்டுல திரும்பி படுக்குதுன்னா அங்க ஒரு இறுகின அடுக்கு இருக்குன்னு அர்த்தம், அத எத்தனாவது செ.மீல இருக்குன்னு அளந்து எழுதி வைங்க, பின்னாடி தேவைப்படும்.

நிறத்தையும் பாருங்க. சாம்பல் நிறத்துல திட்டு திட்டா, நடுவுல துரு மாதிரி ஆரஞ்சு கோடு ஓடியிருந்தா அந்த மண்ணுல தண்ணி தேங்கி காத்து இல்லாம கெடந்திருக்கு, இரும்பு கரைஞ்சு எடம் மாறினதோட அடையாளம் அது. பழைய வேர் ஓட்டைய சுத்தி மட்டும் ஆரஞ்சா இருந்தா அந்த வழியா மட்டும்தான் காத்து போயிருக்குன்னு புரிஞ்சுக்கலாம். முகர்ந்தும் பாருங்க. நல்ல மண்ணுக்கு மழை பெஞ்ச வாசனை இருக்கும், காத்து போகாத மண்ணு அழுகின முட்டை மாதிரி லேசா நாறும்.

இத எதோட ஒப்பிடுறதுங்கிறதுதான் நெறைய பேருக்கு வர்ற சந்தேகம். புத்தகத்துல இருக்குற படத்தோட ஒப்பிடாதீங்க, அது வேற மண்ணு. உங்க நிலத்துலயே மாட்டுக்கால் படாத எடம் ஒன்னு இருக்கும், வேலிக்கு நேர் கீழ. நிரந்தர வேலியா இருந்து பல வருஷம் அங்க யாரும் மிதிக்கலன்னா அதே மண்ணு வகை, அதே மழை, கால் மட்டும் படல. அங்க ஒரு கட்டி, துண்டுக்கு (வேலி போட்டு பிரிச்ச மேய்ச்சல் பகுதிக்கு) நடுவுல ஒரு கட்டி, வாசல் பக்கத்துல ஒரு கட்டின்னு எடுத்து மூணையும் வரிசையா ஒரு சாக்கு மேல போட்டு பாத்தா வேற யாரும் வெளக்க வேண்டியதில்ல. துண்டு நடுவுல உள்ள மண்ணு வேலியடி மண்ணுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவு நல்லது.

இத ஒழுங்கா மார்க் போட்டு பாக்க முறைகளும் இருக்கு. நியூசிலாந்துல கிரஹாம் ஷெப்பர்டுங்கிற மண் விஞ்ஞானி 2000 வாக்குல கொண்டு வந்த விஷுவல் சாயில் அசெஸ்மென்ட் (கண்ணால பாத்து மண்ண மதிப்பிடுற) முறையில அந்த 20 செ.மீ கட்டிய 1 மீட்டர் உயரத்துல இருந்து கெட்டியான தரையில விழ விட்டு, அதிகபட்சம் மூணு தடவ, ஒடைஞ்ச துண்டுகள பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா அடுக்கி பாப்பாங்க, அதோட வேர், நிறம், மண்புழு எல்லாத்துக்கும் 0, 1, 2ன்னு மார்க். ஸ்காட்லாந்துல புரூஸ் பாலும் அவரோட வேலை பாத்தவங்களும் 2007ல வெளியிட்ட வெஸ் (VESS, மண்ணோட அமைப்ப கண்ணால மதிப்பிடுறது) முறையில 1ல இருந்து 5 வரைக்கும். கவனிக்க வேண்டியது என்னன்னா முதல் முறையில மார்க் ஏற ஏற நல்லது, ரெண்டாவதுல 1 தான் ரொம்ப நல்லது, 5 ரொம்ப மோசம். ரெண்டையும் கலந்து எழுதி வச்சா அடுத்த வருஷம் உங்களுக்கே கொழம்பும், ஏதாவது ஒன்ன புடிச்சுகிட்டு அதுலயே போங்க. எனக்கு வெஸ் வசதியா இருக்கு, அடுக்கு அடுக்கா தனி மார்க் போட முடியும், மேய்ச்சல் நிலத்துல பிரச்சினையே மேல 10 செ.மீக்கும் அதுக்கு கீழ உள்ளதுக்கும் நடுவுலதானே.

அதே கட்டியில மண்புழு எண்ணிடுங்க. மண்ணு ஈரமா, ரொம்ப சூடும் ரொம்ப குளிரும் இல்லாத நேரத்துல எண்ணணும், காஞ்ச மண்ணுல எண்ணினா புழு கீழ போய் சுருண்டு கெடக்கும், இல்லன்னு நெனச்சு வருத்தப்படுவீங்க. 20க்கு 20 செ.மீ சதுரம் 25 சேந்தாதான் ஒரு சதுர மீட்டர், அதனால ஒரு கட்டியில 16 புழு இருந்தா சதுர மீட்டருக்கு 400. புல்லும் சாணியும் தாராளமா கெடைக்குற மேய்ச்சல் மண்ணுல சரியான பருவத்துல 20, 30ன்னு கெடைக்கணும், நாலஞ்சு தான் இருக்குன்னா மண்ணு இறுகியிருக்கா, புளிச்சிருக்கா, தண்ணி நிக்குதான்னு தேட ஆரம்பிக்கணும். எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க, வகையும் முக்கியம். சாணிக்கு அடியில நெளியுற செவப்பு புழு மேலாக வாழுறது, வெளிறின நிறத்துல இருக்குறது மேல் மண்ணுக்குள்ள பக்கவாட்டுல பொந்து போடுறது, நல்லா நீளமா தலை கறுத்து இருக்குறது செங்குத்தா ஆழமா பொந்து போடுறது. இந்த மூணாவது வகைதான் தண்ணி கீழ எறங்குறதுக்கு வழி போட்டு குடுக்குது, அது இருக்குற மண்ணுல கனமழை பெஞ்சாலும் தண்ணி சீக்கிரம் வடியும். மூணு வகையும் இருந்தா மனசு நெறஞ்சிடும்.

புழு மட்டும் இல்ல, சாணியையும் பொரட்டி பாருங்க. சாணி போட்டு நாலஞ்சு நாள் ஆனதுல சின்ன சின்ன ஓட்டையா சல்லடையா இருந்தா வண்டு வேலை பாக்குதுன்னு அர்த்தம், மேல காஞ்சு ஓடு மாதிரி ஆகி மாசக்கணக்கா அப்படியே கெடந்தா உயிர் இல்ல. ஆஸ்திரேலியாவுல இது நாட்டுப் பிரச்சினையாவே இருந்துச்சு, அங்க இருந்த வண்டுங்க கங்காரு போடுற உலர்ந்த புழுக்கைக்கு பழகினது, மாட்டுச்சாணிய பெருசா சீண்டல. ஹங்கேரியில பொறந்த ஜார்ஜ் போர்னமிஸாங்கிற பூச்சியியல் விஞ்ஞானி அத கவனிச்சு சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1960கள்ல வெளிநாட்டு சாணி வண்டுகள கொண்டு வந்து விட ஆரம்பிச்சது. சாணி மேலயே கெடந்தா அதுல இருக்குற தழைச்சத்து (நைட்ரஜன்) காத்துல போகும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மழையில அடிச்சுகிட்டு போகும், சுத்தி இருக்குற புல்ல மாடு தொடாது, ஈ பெருகும். வண்டு அத உருட்டி கீழ கொண்டு போனா எல்லாமே மண்ணுக்குள்ள. இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஐவர்மெக்டின் வகை குடற்புழு மருந்து சாணி வழியா வெளிய வரும், சாணியில வளருற வண்டுப் புழுவ அது கொல்லும். மொத்த மந்தைக்கும் வழக்கத்துக்காக மருந்து ஊத்துறத விட்டுட்டு சாணி பரிசோதனை பண்ணி தேவையான மாட்டுக்கு மட்டும் குடுக்கலாமா, வண்டுக்கு கேடு கம்மியான மருந்து இருக்கான்னு கால்நடை டாக்டர கேளுங்க. மண்ணு விஷயம் மருந்துச்சீட்டுல வந்து நிக்கும்னு யாரும் எதிர்பாக்குறதில்ல.

தண்ணி எறங்குற வேகத்த பாக்க ஒரு குழாய் துண்டு போதும். 15 செ.மீ விட்டம் இருக்குற குழாய தரையில கொஞ்சம் எறக்கி அடிச்சு, உள்ள இருக்குற புல்ல கத்தரிச்சுட்டு, சுமார் 440 மில்லி தண்ணிய ஊத்துனா 2.5 செ.மீ உயரம் நிக்கும். முதல் தடவ ஊத்துறது மண்ண நனைக்க மட்டும், ரெண்டாவது தடவ ஊத்தி நேரம் பாருங்க. கொஞ்ச நிமிஷத்துல காணாம போனா சந்தோஷம், அர மணி ஆகியும் பாதி நிக்குதுன்னா அடுத்த பெரிய மழை எங்க போகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். காஞ்ச மண்ணாங்கட்டி ஒன்ன தண்ணி டம்ளர்ல போட்டு பாக்குறதும் நல்ல சோதனை, கட்டி முழுசா நின்னா நல்லது, பொசுக்குன்னு சரிஞ்சா உயிர்ப்பொருள் பத்தல, தண்ணியே பால் மாதிரி கலங்கிடுச்சுன்னா சோடியம் அதிகமா இருக்க வாய்ப்பு இருக்கு, லேப்ல சொல்லி சோடியத்தையும் சேத்து பாக்க சொல்லுங்க. அது உறுதியானா ஜிப்சம் பத்தி யோசிக்கலாம், கண்ணால பாத்த உடனே மூட்ட மூட்டையா கொட்டாதீங்க.

இப்ப கால் விஷயத்துக்கு வரேன். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெருசா படுது. 500 கிலோ மாடு நாலு கொளம்புல நிக்கும்போது ஒரு சதுர செ.மீக்கு சுமார் ஒன்றரை கிலோ எறங்குது, நடக்கும்போது ரெண்டு மூணு கால்தான் தரையில இருக்குங்கிறதால அது இன்னும் ஏறும். காஞ்ச மண்ணு இத தாங்கும். ஈரமான மண்ணு தாங்காது, மணி மணியா இருக்குற அமைப்பு நசுங்கி இடையில இருக்குற பெரிய துளைங்க மூடிப்போகும், அந்த பெரிய துளைங்க வழியாத்தான் காத்தும் தண்ணியும் வேரும் போறது. 0.03 மி.மீக்கு மேல இருக்குற இந்த துளைங்க மண்ணோட கொள்ளளவுல 10 சதவீதத்துக்கு கீழ போனா புல் வளர்ச்சி கொறையும்னு நியூசிலாந்து மேய்ச்சல் ஆராய்ச்சிகள் சொல்லுது. காத்து இல்லாத மண்ணுல இன்னொரு நஷ்டமும் இருக்கு, நுண்ணுயிர்ங்க நைட்ரேட்ட வாயுவா மாத்தி மேல விட்டுடும், காசு குடுத்து போட்ட தழைச்சத்து காத்தோட போயிடும்.

மண்ணு மாட்ட தாங்குமான்னு உள்ள விடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். 5 செ.மீ ஆழத்துல இருந்து கொஞ்சம் மண்ண எடுத்து உள்ளங்கையில வச்சு உருட்டுங்க. 3 மி.மீ மொத்தத்துக்கு நூலா திரிக்க முடியுதா, பதம் தாண்டி ஈரமா இருக்கு, மந்தைய விடாதீங்க. திரிக்கும்போதே உதிர்ந்து போனா விடலாம். சுத்த மணல் மண்ணுல இந்த சோதனை எடுபடாது, களி கலந்த மண்ணுல நல்லா எடுபடும். காலைல விட முடியாத துண்டு சாயங்காலம் காத்து வெயில் அடிச்சதுக்கு அப்புறம் விடுற பதத்துக்கு வந்திருக்கும், அதனால ரெண்டு வேளையும் பாருங்க.

விடவே முடியாதுன்னா மாடு என்ன பண்ணும்னு கேப்பீங்க. பசியோட இருக்குற மாடு மேய்ச்சல்ல முதல் மூணு மணி நேரத்துலயே அந்த வேளைக்கு வேண்டியதுல பெரும்பகுதிய தின்னுடும், அதுக்கு அப்புறம் நிக்கிறது, நடக்குறது, படுக்குறதுதான் அதிகம், சேத்துல மிதி வாங்குறதும் அந்த நேரத்துலதான். அதனால ஈரமான நாள்ல கறந்து முடிச்ச உடனே மூணு நாலு மணி நேரம் விட்டுட்டு வெளிய கூட்டிகிட்டு வந்துடுங்க, சாயங்காலமும் அதே மாதிரி. வெளிய நிக்க கெட்டியான, படுக்க வசதியான ஒரு எடம் வேணும், அது இல்லாம இந்த முறை ஓடாது, அதுக்கு செலவு பண்ற காசு எந்த உர மூட்டையை விடவும் மண்ணுக்கு நல்லது பண்ணும்னு நான் நம்புறேன். மேஞ்ச எடத்துக்கு மாடு திரும்ப போகாம பின்னாடியும் ஒரு கரண்ட் வேலி இழுங்க, துண்டுக்கு ரெண்டு மூணு வாசல் வைங்க, வாசல்ல ஆரம்பிச்சு உள்ள போகாம, உள்ள இருந்து ஆரம்பிச்சு வாசல் பக்கம் மேச்சுகிட்டு வாங்க, அப்பதான் மேஞ்ச எடம் திரும்ப மிதிபடாது. ஈரத்துக்கு தாங்காத துண்டு எதுன்னு உங்களுக்கே தெரியும், மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே அத மேச்சு முடிச்சு வச்சுடுங்க, மேடான வடியுற துண்டுகள மழைக்கு ஒதுக்கி வைங்க. இந்த ஒரு திட்டம் சரியா இருந்தாலே பாதி பிரச்சினை வராது.

இப்ப சத்து. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றது மேய்ச்சல் நிலத்துல செல்லாது, ஏன்னா இங்க சத்த எடுத்த எடத்துல மாடு திருப்பி வைக்கிறதில்ல. தின்ன தழைச்சத்துல முக்கால்வாசி அளவு சாணியாவும் மூத்திரமாவும் திரும்ப வெளிய வருது, சாம்பல்சத்துல பெரும்பகுதி மூத்திரத்துல, மணிச்சத்து கிட்டத்தட்ட முழுசும் சாணில. ஆனா அது விழுற எடம் தண்ணித்தொட்டி, நிழல், வாசல், நடைபாதை, கறவைக்கொட்டகை. மேடு பள்ளமான நிலத்துல சரிவுல மேஞ்சுட்டு சமதளத்துல போய் படுக்கும், சரிவோட சத்து கொஞ்சம் கொஞ்சமா சமதளத்துக்கு எறங்கிடும். கறவைக்கொட்டகையில விழுந்தத கழுவி குழாய்ல விடுற தண்ணி எந்த துண்டுக்கு போகுதோ அங்க சத்து குவியும். இப்படி வருஷக்கணக்கா நடந்த பண்ணையில கொட்டகைக்கு பக்கத்து துண்டுக்கும் கடைசி துண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். எல்லா துண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் மண்ண எடுத்து ஒரே பையில போட்டு அனுப்புனா வர்ற ரிப்போர்ட்டு பண்ணையில எந்த எடத்துக்கும் பொருந்தாது, அத நம்பி எல்லாத்துக்கும் ஒரே அளவு உரம் போட்டா ஒரு பக்கம் வீண், இன்னொரு பக்கம் பட்டினி.

அதனால துண்டுகள குறைஞ்சது நாலு வகையா பிரிங்க, கழிவுத்தண்ணி போற துண்டு, வெறும் மேய்ச்சல் துண்டு, புல்ல வெட்டி சைலேஜோ (ஊறுகாய் புல்லோ) வைக்கோலோ ஆக்கி வெளிய எடுக்குற துண்டு, சரிவு. வகைக்கு ஒரு சாம்பிள். ஒவ்வொன்னுலயும் டபிள்யூ வடிவத்துல நடந்து 15ல இருந்து 25 எடத்துல மண் குழல் போட்டு எடுத்து கலக்கணும், வாசல், தொட்டி, மர நிழல், வேலி ஓரம், கண்ணுக்கு தெரியுற சாணி, மூத்திரம் பட்டு கரும்பச்சையா நிக்குற திட்டு எல்லாத்தையும் தவிர்க்கணும். உரமோ சுண்ணாம்போ போட்டு மூணு மாசம் ஆகாம எடுக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அதே மாசத்துல, அதே பாதையில எடுங்க, இல்லன்னா போன வருஷத்து நம்பரோட ஒப்பிட முடியாது. ஆழம் ரொம்ப முக்கியம், மேய்ச்சல் நிலத்துல உழவு இல்லாததால சத்தெல்லாம் மேல தான் குவிஞ்சிருக்கும், நாட்டுக்கு நாடு 7.5 செ.மீ இல்லன்னா 10 செ.மீன்னு வச்சிருக்காங்க, 15 செ.மீ வரைக்கும் எடுத்துட்டா நம்பர் கொறஞ்சுதான் வரும். அதே மாதிரி மணிச்சத்துக்கு ஓல்சன், மார்கன், பிரேன்னு பல முறை இருக்கு, ஒரு முறையில வர்ற 20ம் இன்னொரு முறையில வர்ற 20ம் ஒன்னு இல்ல. லேப் மாத்தினா முறையையும் கேட்டு எழுதிக்குங்க.

ரிப்போர்ட்டுல நான் முதல்ல பாக்குறது பிஹெச், அதாவது மண்ணோட புளிப்பு அளவு, நம்பர் கொறஞ்சா புளிப்பு கூடுதுன்னு அர்த்தம். அது சரியில்லன்னா மத்த உரத்துக்கு செலவு பண்றதுல அர்த்தம் கம்மி. 5.5க்கு கீழ போனா பல மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனிய கருக்கிடும், கிளோவர் குதிரைமசால் மாதிரி பயறுவகை தீவனம் இன்னும் மேல எதிர்பாக்கும், குதிரைமசாலுக்கு 6.5 பக்கம் வேணும். பயறுவகை இருக்குற துண்டுல ஒரு செடிய வேரோட எடுத்து கழுவி, வேர்ல இருக்குற சின்ன முடிச்ச நகத்தால நறுக்கி பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா தழைச்சத்த புடிச்சுகிட்டு இருக்கு, வெள்ளையா பச்சையா இருந்தா வேலை நடக்கல. சுண்ணாம்புக்கல் பொடி போட்டா பிஹெச் ஏறும், ஆனா உழாம மேல தூவுறதால கீழ எறங்க வருஷம் கூட ஆகும், பொறுமை வேணும், அளவு அதிகம்னா ரெண்டு மூணு தடவையா பிரிச்சு போடுங்க. அளவுக்கு மீறியும் போகாதீங்க, பிஹெச் ரொம்ப ஏறினா புல்லுல மாலிப்டினம் கூடும், அது மாட்டு ஒடம்புல தாமிரம் சேர விடாது, மண்ண திருத்த போய் மாட்டுக்கு குறை வந்து சேரும்.

அடுத்து பொட்டாஷ், அதாவது சாம்பல்சத்து, இது ரெண்டு பக்கமும் கடிக்கும். 1000 லிட்டர் பால்ல பண்ணைய விட்டு போற சாம்பல்சத்து ஒன்றரை கிலோ தான், ஆனா 1 டன் உலர் எடை புல்ல வெட்டி எடுத்தா 20ல இருந்து 25 கிலோ வரைக்கும் போகுது. வருஷா வருஷம் வெட்டி எடுக்குற துண்டுல திருப்பி குடுக்கலன்னா முதல்ல பயறுவகை காணாம போகும், அப்புறம் புல்லும் இளைக்கும். இன்னொரு பக்கம் கழிவுத்தண்ணி போற துண்டுல பொட்டாஷ் ஏறிகிட்டே போகும், அந்த புல்ல தின்னா மாட்டு வயித்துல மெக்னீசியம் ஒடம்புல சேராம தடுக்கும், கை கால் இழுத்து விழுற மெக்னீசியக் குறை அதனாலதான், சினை மாடு கன்னு போடுற நேரத்துல பால் காய்ச்சல் வர்றதுக்கும் அது காரணமா இருக்கு. கன்னு போடப்போற மாட்ட அந்த துண்டுல விடவே விடாதீங்க. இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள், கழிவுத்தண்ணி போற எடத்த பெருசாக்குங்க, குழாய நீட்டுங்க, முடிஞ்சா வெட்டி எடுக்குற துண்டுக்கே அத கொண்டு போங்க, ஒரு எடத்துல குவியுறது இன்னொரு எடத்துக்கு உரம். மண்ணு நனைஞ்சு நிக்கும்போது மட்டும் விடாதீங்க, குடிக்க எடம் இல்லாத மண்ணு அத ஓடைக்குத்தான் அனுப்பும்.

மூத்திரத்த பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு மாடு நாளைக்கு 10, 12 தடவ, தடவைக்கு சுமார் 2 லிட்டர் பெய்யும். அது விழுற சின்ன வட்டத்துல தழைச்சத்து எக்டேர் கணக்குக்கு 500ல இருந்து 1000 கிலோ வரைக்கும் போகும், எந்த புல்லாலயும் அத்தனையையும் உறிஞ்ச முடியாது, மிச்சம் நைட்ரேட்டா நிலத்தடி தண்ணிக்கு எறங்கும். ஏற்கனவே தழைச்சத்து நெறஞ்ச துண்டுக்கு மேல யூரியாவ போடும்போது இந்த நஷ்டம் இன்னும் கூடும். வேர் ஆழமா போற சிக்கரி மாதிரி செடிகள புல்லோட கலந்து விடுறது இங்க உதவும், கீழ தப்பிச்சு போறத புடிக்க ஒரு கை இருக்கும்.

வேர்னதும் ஞாபகம் வருது, புல்ல எவ்வளவு விட்டுட்டு வெளிய வர்றோங்கிறது மண்ணுக்குள்ள நேரா தெரியும். அமெரிக்காவுல கிரைடர்ங்கிறவர் 1955ல வெளியிட்ட ஆய்வுல புல்லோட இலைய பாதிக்கு மேல ஒரே தடவையில எடுத்தா வேர் வளர்ச்சி நின்னு போறத காட்டினாரு. தரையோட மழிச்சு மேச்சு, புல்லு எந்திரிக்கிறதுக்குள்ள திரும்ப விட்டா வேர் கட்டையாயிடும், கட்டை வேருக்கு மேல் மண்ணு ஈரம் மட்டும்தான் கைக்கெட்டும், ஒரு வாரம் மழை தள்ளிப்போனாலே வாடும். ரைகிராஸ் மாதிரி குட்டைப் புல்லுன்னா 4, 5 செ.மீ விட்டுட்டு வாங்க, ஒரு கிளைக்கு மூணு புது இலை வந்ததும் திரும்ப விடுங்க, ஒசரமா வளர்ற வெப்பமண்டல புல்லுக்கு அத விட நல்லா ஒசரமாவே விடணும். மண்ணுல கரிமம் சேர்றது பெரும்பாலும் இந்த வேர் வழியாத்தான், மேல கொட்டுறத விட கீழ வளர்றது நெலைக்கும். லேப்ல கரிமம் பாக்குறதா இருந்தா அஞ்சு வருஷ இடைவெளி விட்டு பாருங்க, வருஷா வருஷம் பாத்து அரை சதவீதம் கூடிச்சு கொறஞ்சிச்சுன்னு எடுத்துக்குறதுல பயன் இல்ல, சாம்பிள் எடுக்குறதுல வர்ற வித்தியாசமே அவ்வளவு இருக்கும்.

கடைசியா இறுகின மண்ண மெஷின் வச்சு கிழிக்கிறத பத்தி நெறைய பேர் கேக்குறீங்க. இறுகின அடுக்கு எந்த ஆழத்துலன்னு முன்னாடி எழுதி வச்சீங்கல்ல, அது இப்ப தேவை. 8 செ.மீல இருக்குற அடுக்குக்கு 30 செ.மீ ஆழத்துக்கு கத்தி எறக்குறது டீசல் செலவு, நல்ல மண்ணையும் கலைக்கும். கத்தி அந்த அடுக்குக்கு ஒரு 3, 4 செ.மீ கீழ போனா போதும். அந்த ஆழத்து மண்ண எடுத்து அதே மாதிரி உருட்டி பாருங்க, நூலா திரிஞ்சா கத்தி வெட்டிகிட்டு மட்டும் போகும், பக்கத்து மண்ணு ஒடையாது, வெட்டின சுவரும் வழவழன்னு ஆயிடும். உதிர்ற பதத்துல இருக்கும்போது, புல்லு நல்லா வளர்ற பருவத்துல ஓட்டுங்க, அப்பதான் விட்ட விரிசலுக்குள்ள வேர் சீக்கிரம் போய் அத தெறந்தே வச்சிருக்கும். ஓட்டின துண்டுல ஒரு கீத்த ஓட்டாம விட்டு வைங்க, ஆறு மாசம் கழிச்சு ரெண்டு எடத்துலயும் கட்டி எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, வித்தியாசம் இருந்தா அடுத்த துண்டுக்கு போகலாம், இல்லன்னா மெஷின அனுப்பிட்டு மந்தைய ஈரத்துல விடுற நேரத்த கொறைங்க.